பத்தாம் வகுப்பும் பாய்மரமும்

எட்டடிக்கும் குறைந்த நீளம், 35 கிலோ எடை, ஒரே ஒரு பாய், ஒரே ஒரு ஆள். முன்பக்கம் கூராக இல்லாமல் வெட்டி விட்டதுபோல் சப்பையாக இருக்கும். குளியல் தொட்டியில் பாய் கட்டி மிதக்கவிட்டது மாதிரி ஒரு தோற்றம். ஆப்டிமிஸ்ட் என்று பெயர். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் பிள்ளைகள் பாய்மரப் பந்தயத்துக்குள் நுழைவது இந்தப் படகின் வழியாகத்தான். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளில் சுக்கான் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் எட்டு, ஒன்பது வயதில் இதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்தவர்களே.

இந்தப் படகுக்கு ஒரு வயது வரம்பு உண்டு. 15 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை பந்தயத்தில் ஓட்டலாம். அதன்பின் இறங்கிவிட வேண்டும், எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் சரி. தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அது எந்த ஆண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் பத்தாம் வகுப்பு.

டியூஷன், மாதிரித் தேர்வு, ரிவிஷன் என்று வீடே பரபரத்துக் கிடக்கும் அதே மாதங்களில்தான், ஐந்தாறு வருடம் கடலில் பழகிய ஒரு பிள்ளை பழைய படகை விட்டுப் புதுப் படகுக்கு மாற வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தைக் கடந்துவிட்டவர்கள் ஆசிய விளையாட்டுக்கும் ஒலிம்பிக்குக்கும் போயிருக்கிறார்கள். கடக்க முடியாதவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

சென்னைக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன இந்தியப் பாய்மர அணியில் மொத்தம் நான்கு பேர். நேத்ரா குமணன், கே.சி.கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவரும் சென்னையில் படகு பழகியவர்கள். நான்காமவரான விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு நாட்டில், ஒரு விளையாட்டின் ஒலிம்பிக் அணி முழுவதும் இப்படித் தமிழ்நாட்டைச் சுற்றி அமைந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதன் வேர் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் தொடங்கியதுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அதன் படகுத்துறைக்கு ஸ்பிரிங்ஹேவன் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜனுக்குக் கைகொடுத்தவரும் இதே ஸ்பிரிங்தான். வெள்ளைக்கார அதிகாரிகளின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகத் தொடங்கிய படகோட்டம், பிள்ளைகளின் பந்தயமாக மாற நெடுங்காலம் பிடித்தது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தன. 2009-ல் அப்படியொரு கோடை முகாமில்தான் நேத்ரா முதன்முதலாகப் படகில் ஏறினார். அதற்குமுன் டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள், பரதநாட்டியம் என்று பலவற்றையும் தொட்டுப் பார்த்தவர் அவர். கடல் பிடித்துக்கொண்டது.

*

ஆப்டிமிஸ்ட் பிறந்த கதையும் பிள்ளைகளை முன்னிட்டே அமைந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற கடலோர ஊர். அங்கே ஆப்டிமிஸ்ட் கிளப் என்ற சேவை அமைப்பு இயங்கிவந்தது. மரப்பெட்டியில் சக்கரம் பூட்டிச் சரிவில் உருட்டிவிடும் சிறுவர் கார் பந்தயம் அப்போது பிரபலம். அதைப்போலவே தண்ணீரில் ஒன்று நடத்தலாமே என்று மேஜர் கிளிஃபோர்ட் மெக்கே யோசனை சொன்னார். ஒரு தகப்பனும் பிள்ளையும் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிட வேண்டும், செலவு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் 1947-ல் பிளைவுட் பலகைகளை வைத்து வடிவமைத்துக் கொடுத்தார். முன்பக்கம் சப்பையாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பலகையின் அளவுதான். கூர்மூக்கு வைத்தால் பலகை போதாது. மில்ஸ் தம் வரைபடத்தை அந்தக் கிளப்புக்கே கொடுத்துவிட்டார். ஏழைப் பிள்ளையும் கட்டிக்கொள்ளட்டும் என்று வரைந்த படகு, இன்று இறக்குமதி விலையில் லட்சங்களைத் தொடுகிறது. வருத்தமான விஷயம்தான்.

படகை நீருக்கு இறக்குமுன் கரையில் நடக்கும் வேலையை உற்றுப் பார்க்க வேண்டும். ஆப்டிமிஸ்டின் பாய் மரத்தோடு கொக்கியிலோ தண்டவாளத்திலோ பொருந்துவதில்லை. சின்னச் சின்ன நூல் கயிறுகளால் ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக முடிச்சுப் போட வேண்டும். பாய்க்கும் மரத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது விதி. பத்து வயதுப் பெண் ஒருத்தி விரலை இடுக்கில் விட்டு அளந்து, அவிழ்த்து, மறுபடி கட்டுவாள். பாயின் மேல்மூலையைக் குறுக்கே தாங்கி நிற்கும் கழிக்கு ஸ்பிரிட் என்று பெயர். அதை இழுத்துக் கட்டுவதில் விரல்கடை வித்தியாசம் வந்தாலும் பாயில் மூலைக்கு மூலை ஒரு சுருக்கம் விழும். காற்று வலுத்தால் கழியை இறுக்க வேண்டும், தளர்ந்தால் விட வேண்டும். காற்று எப்படி மாறும் என்று கரையிலேயே ஊகிக்க முடிந்தவளுக்கு நடுக்கடலில் வேலை குறையும். பிறகு பரிசோதனை: மிதவைப் பைகள் மூன்றும் காற்றோடு இருக்கின்றனவா, தண்ணீர் இறைக்கும் டப்பா கயிற்றில் கட்டியிருக்கிறதா, துடுப்பு, விசில், லைஃப் ஜாக்கெட். அப்பா வந்து முடிச்சைப் போட்டுக்கொடுத்தால் நல்ல கோச் விடமாட்டார்.

சென்னையின் காற்று நல்ல வாத்தியார். வெயில் காலத்தில் காலையில் தரைக்காற்று ஓய்ந்து, நடுப்பகல் வாக்கில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே திரும்பும். பந்தயத்தில் இது பெரிய விஷயம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர் அந்தப் பக்கமாகப் போய் முன்னாலேயே காத்திருப்பார். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து கச்சான் பலமாக வீசினால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அன்று நகரமே வெந்துபோகும், கடலில் படகுகள் அசையாமல் நிற்கும். ஐப்பசி தாண்டினால் வாடை. அலையும் உயரும், நீரோட்டமும் தெற்கு நோக்கிப் புரண்டுகொள்ளும். புத்தகத்தில் படித்து வருகிற அறிவல்ல இது. பக்கத்திலேயே காசிமேட்டில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். பாய்மரப் பந்தயத்துக்கு வரும் பிள்ளை அதைத் தன் தோலில் உணரக் கற்றுக்கொள்கிறது.

*

கரையில் நிற்பவருக்கு இந்தப் பந்தயம் ஒன்றும் விளங்காது. வெள்ளைப் பாய்கள் எங்கோ தூரத்தில் அங்குமிங்கும் திரியும். விஷயம் உள்ளே இருக்கிறது.

தொடங்கும் இடத்தில் கோடு எதுவும் இல்லை. நடுவர் படகின் கொடிமரத்துக்கும் எதிரே மிதக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கற்பனையாக ஒரு கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடியும் ஹாரனும். நான்கு நிமிடத்தில் இன்னொரு கொடி, அதுதான் தயார்க் கொடி. ஒரு நிமிடம் பாக்கி இருக்கையில் நீண்ட ஹாரன், இரண்டாவது கொடி இறங்கும். படகுக்கு பிரேக் கிடையாது. நின்ற இடத்தில் நிற்கவும் முடியாது. காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டே இருக்க, நாற்பது ஐம்பது படகுகள் பாயைப் படபடக்க விட்டபடி ஒன்றை ஒன்று இடிக்காமல் கோட்டுக்குப் பின்னால் இடம் பிடிக்கும். கையில் கட்டிய வாட்சில் நொடிகளை எண்ணி, சரியாக ஹாரன் ஒலிக்கும் கணத்தில் முழு வேகத்தில் கோட்டைத் தொட வேண்டும். ஒரு நொடி முந்தினால் திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும். கறுப்புக் கொடி ஏற்றியிருந்தால் கடைசி நிமிடத்தில் முந்தியவர் பந்தயத்தை விட்டே வெளியே. ஒரு நொடி பிந்தினாலோ முன்னால் போகும் பாய்களின் கலங்கிய காற்றில் சிக்கி, மீளவே நேரமாகும்.

இத்தனைக்கும் உதவிக்கு ஒருவரும் இல்லை. தயார்க் கொடி ஏறியதும் கோச்சின் படகு பந்தய எல்லையை விட்டு ஒதுங்கிவிட வேண்டும். வெளியிலிருந்து குரல் கொடுத்தால் அது விதிமீறல், தண்டனை பிள்ளைக்கு. கால்பந்திலும் கபடியிலும் ஓரத்தில் நின்று கத்தலாம். இங்கே பதினோரு வயதுப் பையன் தன் முடிவைத் தானே எடுத்து, அதன் பலனைத் தானே அனுபவித்துவிட்டு வருகிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். எதற்கும் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு இது வேறெங்கும் கிடைப்பதில்லை.

காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்போது இரண்டு படகுகள் குறுக்கிட்டால், காற்று வலப்பக்கமாக வரும் படகுக்கு முதல் உரிமை. "ஸ்டார்போர்டு!" என்று அது கத்தும், மற்றது விலக வேண்டும். விலகாமல் தப்புச் செய்தவர் தானாகவே ஒதுங்கி, படகை இரண்டு முழு வட்டம் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். பெரும்பாலும் பார்க்க நடுவர் பக்கத்தில் இருக்கமாட்டார். தப்பை ஒத்துக்கொண்டு சுற்றுவது பிள்ளையின் நேர்மையைப் பொறுத்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் எதிராளி "புரொட்டஸ்ட்" என்று அங்கேயே குரல் கொடுத்து, கரைக்கு வந்ததும் எழுத்தில் புகார் தரலாம். மாலையில் விசாரணை. மேஜைமேல் பொம்மைப் படகுகளை நகர்த்தி, காற்று எங்கிருந்து வந்தது, யார் எந்த இடத்தில் இருந்தார் என்று இரண்டு பிள்ளைகளும் வாதாடுவார்கள். பெற்றோர் குறுக்கே பேச முடியாது.

புள்ளிக் கணக்கும் தலைகீழ். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, ஐந்தாமிடத்துக்கு ஐந்து. குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர். பல பந்தயங்கள் நடத்தி, அவற்றில் மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் இல்கா 4 படகுப் பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூரின் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். 11 பந்தயங்களில் மொத்தம் 32 புள்ளிகள். மோசமான பந்தயத்தின் 5 புள்ளிகளைக் கழித்தால் 27. அதாவது 11 பந்தயங்களில் ஒன்றில்கூட அவர் ஐந்தாமிடத்துக்குக் கீழே போகவில்லை. ஒரு நாள் வெறித்தனமாக ஓட்டி மறுநாள் சறுக்குபவருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதே போட்டியில் ஆண்கள் இல்கா 7 பிரிவில் விஷ்ணு சரவணனுக்கு வெண்கலம். ஒரே ஒரு புள்ளியில் வெள்ளி கைநழுவியது.

பயம்? பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். படகு கவிழும். நிச்சயம் கவிழும். அதனால்தான் முதல் வாரத்திலேயே வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். படகைவிட்டு நீந்திப் போகக் கூடாது என்பது முதல் பாடம். சுற்றி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டாகர்போர்டைப் பிடித்துத் தன் எடையைத் தொங்கவிட்டால் படகு மெல்ல நிமிரும். ஏறி உட்கார்ந்து, விளிம்புவரை நிரம்பிய தண்ணீரை டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். ரெஸ்க்யூ படகு பத்தடி தூரத்தில் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். கை கொடுக்காது. முதல் தடவை அழுகை வரும். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமல் வரும். மூன்றாம் தடவை அதே பிள்ளை கவிழ்ந்த படகின்மேல் நின்றுகொண்டு சிநேகிதியோடு பேசிக்கொண்டிருக்கும்.

*

பதினைந்து வயதுக்கு வருவோம்.

அந்த வயதில் உடல் வளர்ந்துவிடுகிறது. 50 கிலோவைத் தாண்டிய பையனுக்கு ஆப்டிமிஸ்ட் இடம் போதாத படகு. அடுத்த படி பெரும்பாலும் இல்கா. முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட, ஒற்றை ஆள் ஓட்டும் படகு. நீளம் 4.2 மீட்டருக்குச் சற்றே அதிகம். உள்ளே இருக்கும் பட்டையில் காலை மாட்டிக்கொண்டு உடலை முழுக்க வெளியே சாய்த்து ஓட்ட வேண்டும். தொடையும் வயிறும் எரியும். ஆப்டிமிஸ்டில் எல்லாக் கோப்பைகளையும் அள்ளியவர் இங்கே வந்ததும் கடைசி வரிசையில் கிடப்பார். மறுபடி மேலே வர ஓரிரு ஆண்டு பொறுமையாக உழைக்க வேண்டும். அந்த ஓரிரு ஆண்டில்தான் பொதுத்தேர்வும், அதை ஒட்டி நீட், ஜேஇஇ கோச்சிங் வகுப்பும் வந்து நிற்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மறுபடி வரலாம் என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு வருடம் காற்றை மறந்த கை திரும்பி வருவது அபூர்வம்.

வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத்தான் நாம் அறிவோம். நேத்ரா 17 வயதில் 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் லேசர் படகின் ரேடியல் பிரிவில் ஓட்டினார். பிறகு பொறியியல் கல்லூரி, ஐரோப்பாவில் நீண்ட பயிற்சி, 2020-ல் மியாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம். 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். டோக்கியோவில் 35-ஆம் இடம். பாரிஸ் ஒலிம்பிக்கின்போது மார்சேய் கடலில் 21-ஆம் இடத்துக்கு முன்னேறினார். வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் பதின்பருவத்திலேயே இன்சியானில் இரட்டையர் 29இஆர் படகில் வெண்கலம் வென்றார்கள். வர்ஷா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து அதை வெள்ளியாக உயர்த்தினார். அதே ஜகார்த்தாவில் கணபதி–வருண் ஜோடிக்கு 49இஆர் படகில் வெண்கலம். சிறுவயது முதல் ஒன்றாகப் பழகியவர்கள் இந்த இருவரும். டோக்கியோவில் 17-ஆம் இடம் பிடித்தார்கள்.

இவர்களுக்குப் பின்னால் தாங்கிப் பிடித்த குடும்பம் இருந்தது. எல்லோருக்கும் அது வாய்க்காது. ராணுவம் இந்த இடைவெளியை வேறு விதமாக அடைத்திருக்கிறது. அதன் சிறுவர் விளையாட்டுப் பிரிவில் 8 வயது முதலே பையன்களைச் சேர்த்து, பத்தாம் வகுப்புவரை படிப்பையும் தந்து, பதினேழரை வயதில் படையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். விஷ்ணுவின் தந்தையே ராணுவத்தில் பாய்மரம் ஓட்டியவர். மகனும் ராணுவத்தில் சேர்ந்து, மும்பை ஆர்மி யாட்டிங் நோடில் பயிற்சி பெற்றார். வேலை கையில் இருந்ததால் தேர்வு பயம் அவரை நீரிலிருந்து இழுக்கவில்லை. 2019-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம், பாரிஸில் 18-ஆம் இடம் என்று ஏறிக்கொண்டே போனார்.

கடலே இல்லாத மத்தியப் பிரதேசம் இன்னொரு வழி காட்டுகிறது. போபால் பெரிய ஏரியில் தேசியப் பாய்மரப் பள்ளி இயங்குகிறது. தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகளான நேஹா, அங்கே உருவாகித்தான் 17 வயதில் ஆசிய வெள்ளி வென்றார். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியை நம்பி நடக்கும் யாட் கிளப், வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஆப்டிமிஸ்ட் ஓட்டக் கற்றுத்தருகிறது. அந்தப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் வெல்கிறார்கள். படகு சொந்தமாக இருக்க வேண்டும், கார் வைத்திருக்கும் அப்பா வேண்டும் என்ற நினைப்பை இந்த இரண்டு ஏரிகளும் பொய்யாக்கிவிட்டன.

1,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாடு என்ன செய்யலாம்? பாக் நீரிணையோரம் தொண்டி பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ஒரு படகில் ஆறு பேர் ஏறி, மணல் மூட்டையை எடைக்கு வைத்து, காற்றுக்கேற்ப நகர்த்திக்கொண்டு சீறிப் போவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்குக் காற்றைப் படிக்க எந்தக் கோடை முகாமும் தேவையில்லை. அவனுக்குத் தேவை ஒரு ஆப்டிமிஸ்ட், விதிகளைச் சொல்லித்தர ஒருவர், போட்டிக்குப் போக ரயில் டிக்கெட். ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருப்பது இந்த வகையில் நல்ல சேதி. அங்கே சேரும் முதல் வரிசையில் கடலோரக் கிராமத்துப் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பது நியாயம்.

பதினைந்து வயதின் சிக்கலுக்குச் செலவு குறைந்த வழியும் உண்டு. இல்கா படகின் உடல் எல்லா வயதுக்கும் ஒன்றேதான். 4.7, 5.7, 7.06 சதுர மீட்டர் என்று பாய்தான் மூன்று அளவு. மரத்தின் கீழ்ப்பகுதியையும் பாயையும் மாற்றினால் பள்ளிச் சிறுமி ஓட்டிய படகையே ஒலிம்பிக் வீரர் ஓட்டலாம். கிளப் பத்துப் படகு வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால், ஆப்டிமிஸ்டிலிருந்து இறங்கும் பிள்ளை லட்சக்கணக்கில் செலவழித்துச் சொந்தப் படகு வாங்க வேண்டியதில்லை. காலமும் கூடிவருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிந்துவிடும். அடுத்த வகுப்பு தொடங்க ஜூன் ஆகும். சென்னையில் தென்கிழக்குக் கடற்காற்று தினமும் மதியத்தில் எழுந்து நிற்பது அந்த வாரங்களில்தான். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் கோடை முகாமோடு, தேர்வு எழுதிவிட்டு வந்த பதினைந்து வயதுக்காரர்களுக்கென்று இல்கா 4 முகாம் ஒன்றையும் ஒவ்வொரு கிளப்பும் நடத்தத் தொடங்கலாம்.